முடக்குவாதத்திற்கு மஞ்சள் மருந்தாகுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்குவதில்லை. துண்டைப் பிழிய முடிவதில்லை. பிள்ளையின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட முடிவதில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கை கொஞ்சம் இளகுகிறது. மறுநாள் காலை மீண்டும் அதே நிலைமை. "பால்மரம் சீவிய கை, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். அடுத்து யாராவது ஒருவர் மஞ்சளைப் பற்றிப் பேசுவார். இரவில் மஞ்சள் பால், மூட்டின் மேல் மஞ்சள் பற்று, அதுவும் போதாதென்றால் வாட்ஸ்அப்பில் விளம்பரமாகும் 'குர்குமின்' மாத்திரை.

மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு என்பதை ஆய்வுக்கூடங்கள் உறுதிப்படுத்தியுள்ளன. ஆனால், மேலே சொன்ன அறிகுறிகள் முடக்குவாதத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் அந்த நோய் நமக்காகக் காத்திருக்காது. பலருக்கு நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே, மஞ்சள் எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொள்வது நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் அவசியமாகிறது.

எந்த வாதம்?

தமிழில் 'வாதம்' என்ற ஒரே சொல் பல நோய்களைச் சுமக்கிறது. பக்கவாதம் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுவதால் வருவது. இளம்பிள்ளைவாதம் போலியோ கிருமியால் வருவது. சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை 80 வகையாகப் பிரிக்கின்றன. அந்தப் பிரிவினை வேறொரு மருத்துவ முறைக்குரியது. ஆனால் அன்றாடப் பேச்சில் முழங்கால் வலி, இடுப்பு வலி, விரல் வீக்கம் எல்லாமே 'வாதம்' ஆகிவிடுவதால், ஒருவருக்குப் பலன் கொடுத்த மருந்தை முற்றிலும் வேறு நோய் உள்ள இன்னொருவர் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்.

வயதாக ஆக முழங்காலில் குருத்தெலும்பு தேய்வது மூட்டுத் தேய்மானம். நடந்தால், படியேறினால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். காலை இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்திற்குள் விட்டுவிடும்.

முடக்குவாதம் அப்படிப்பட்டதன்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, தவறுதலாகச் சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் வருவது. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் கை விரல்கள், மணிக்கட்டு, கால் விரல்கள் ஆகிய சிறிய மூட்டுகளில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக வீக்கம் காணப்படும். காலை இறுக்கம் ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். ஓய்வெடுத்தால் குறைவதற்குப் பதில் கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. 30, 40 வயதுகளிலேயே தொடங்கவும் கூடும்.

நம் சமூகம் கவனிக்க வேண்டிய ஒன்று: மலேசிய மக்கள் தொகையில் இந்தியர்கள் சுமார் 7 விழுக்காட்டினரே. ஆனால், இங்குள்ள வாதநோய்ச் சிகிச்சையகங்களில் நடந்த ஆய்வுகளில் முடக்குவாத நோயாளிகளிடையே இந்தியர்களின் பங்கு அதைவிட வெகு அதிகமாகவே பதிவாகியுள்ளது.

மஞ்சளுக்குள் என்ன இருக்கிறது?

மலாய்க்காரர்கள் 'குன்யிட்' என்று அழைக்கும் அதே மஞ்சள் கிழங்குதான். அதன் நிறத்திற்குக் காரணம் 'குர்குமினாய்டு' எனப்படும் மூன்று சேர்மங்கள். அவற்றுள் முதன்மையானது குர்குமின். 1815-ஆம் ஆண்டிலேயே இது மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேதியியல் அமைப்பு 1910-இல் கண்டறியப்பட்டது. இவை தவிர, மணத்தைத் தரும் எண்ணெய்ப் பொருள்களும் மஞ்சளில் உள்ளன.

அழற்சி என்பது உடலில் ஒரு கட்டளைத் தொடர் போல நடக்கிறது. செல்லுக்குள் 'என்.எஃப். கப்பா பி' என்ற புரதம் ஒரு சுவிட்சு போல வேலை செய்கிறது. அது இயங்கியதும் 'டி.என்.எஃப்.', 'இன்டர்லூக்கின்-6' போன்ற அழற்சித் தூதுப் பொருள்கள் சுரக்கின்றன. முடக்குவாத மூட்டில் இவை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. இன்று மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் விலை உயர்ந்த உயிரியல் ஊசி மருந்துகளில் பல, டி.என்.எஃப். பொருளைத் தடுப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. ஆய்வுக்கூடத்தில் செல்களின் மேல் குர்குமினைச் சேர்த்தபோது அந்தச் சுவிட்சே அடங்கியது. ஆய்வாளர்களின் ஆர்வம் இங்கிருந்துதான் வளர்ந்தது.

2006-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வுக் குழு, எலிகளுக்கு மூட்டு அழற்சியை உண்டாக்கி மஞ்சள் சாற்றைக் கொடுத்துப் பார்த்தது. வீக்கமும் மூட்டுச் சிதைவும் குறைந்தன. ஆனால், அழற்சி தொடங்குவதற்கு முன்பே கொடுத்தபோதுதான் சாறு நன்றாக வேலை செய்தது. மனிதர்கள் மூட்டு வீங்கிய பிறகுதான் மருந்தைத் தேடுகிறார்கள்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள்

முடக்குவாதத்திற்குக் குர்குமினை மனிதர்களிடம் சோதித்த முதல் ஆய்வுகளில் ஒன்று 1980-இல் இந்தியாவில் வெளியானது. 18 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் குர்குமின் இரண்டு வாரங்களும், அக்காலத்தில் புழக்கத்தில் இருந்த ஃபினைல்பியூட்டசோன் என்ற மருந்து இரண்டு வாரங்களும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. காலை இறுக்கம், நடக்கும் நேரம், வீக்கம் ஆகியவற்றில் இரண்டுமே முன்னேற்றம் காட்டின. (இந்த ஃபினைல்பியூட்டசோன் பின்னர் இரத்த அணுக்களைப் பாதிப்பதாகத் தெரியவந்து, பல நாடுகளில் மனிதப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. அதன் பெயர் கீழே மறுபடியும் வரும்.)

இன்று குர்குமின் விளம்பரங்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 2012-இல் வெளியான கேரள ஆய்வு. 45 முடக்குவாத நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 500 மில்லிகிராம் குர்குமின் நாளுக்கு இருமுறை. இன்னொன்றுக்கு டைக்லோஃபெனாக் வலி மாத்திரை. மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து. எட்டு வாரங்களுக்குப் பின் குர்குமின் குழுவே அதிக முன்னேற்றம் கண்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு குழுவிலும் 15 பேர்தான். மருந்தில்லாப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவும் இல்லை. டைக்லோஃபெனாக் வலியைக் குறைக்குமே தவிர எலும்பு அரிப்பைத் தடுக்காது. ஆக, அந்த ஆய்வு குர்குமினை ஒரு வலி மாத்திரையோடுதான் போட்டிக்கு விட்டது. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தோடு அன்று.

2017-இல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வில் போலி மாத்திரைக் குழுவும் இருந்தது. 36 பேர், 90 நாள்கள். குர்குமின் எடுத்தவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. இரத்தத்தில் அழற்சி அளவும் இறங்கியது. நல்ல முடிவுதான், ஆனால் குழுவுக்கு 12 பேர் மட்டுமே. இதற்கு மாறாக, 2019-இல் வந்த ஈரானிய ஆய்வில் 65 நோயாளிகள், வழக்கமான மருந்தோடு சேர்த்து, நுண்துகள் வடிவிலான குர்குமினை 12 வாரங்கள் எடுத்தனர். குர்குமின் எடுத்தவர்களும் போலி மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முன்னேறினர்.

மூட்டுத் தேய்மானத்திற்கு நடந்த ஆய்வுகள் இவற்றைவிடப் பெரியவை. தாய்லாந்தில் 367 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, முழங்கால் வலியைத் தணிப்பதில் மஞ்சள் சாறு இபுபுரூஃபன் மாத்திரைக்குக் குறைந்ததில்லை என்றது. வயிற்று உபாதையும் குறைவாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 70 பேரிடம் நடந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. முழங்காலில் நீர் கோத்து வீங்கியவர்களைத் தேர்ந்தெடுத்து, 12 வாரங்களுக்குப் பின் எம்.ஆர்.ஐ. படமும் எடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. மூட்டில் கோத்திருந்த நீரின் அளவிலோ குருத்தெலும்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

வலி குறைந்தது, மூட்டுக்குள் நடந்தது மாறவில்லை. தேய்மான நோயாளிக்கு வலி குறைவதே பெரிய நிம்மதி. அவர் மருத்துவரைக் கேட்டுவிட்டு மஞ்சள் சாற்றை முயன்று பார்ப்பதில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் முடக்குவாத நோயாளியின் நிலைமை வேறு. வலி தணிந்ததால் நோய் போய்விட்டது என்று அவர் நம்பியிருக்கும்போதே, உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருக்கலாம்.

குர்குமின் ஆராய்ச்சியின் இன்னொரு பக்கத்தையும் மறைப்பதற்கில்லை. இத்துறையில் உலகப் புகழ்பெற்றிருந்த அமெரிக்க ஆய்வாளர் ஒருவரின் 20-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், படங்களில் குளறுபடி இருந்ததால் இதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர், குர்குமின் பல ஆய்வுக்கூடச் சோதனைகளில் 'வேலை செய்வதைப் போல' பொய்த் தோற்றம் காட்டக்கூடிய பொருள் என்று விரிவாகவே எழுதினர்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

மஞ்சள் தூளில் குர்குமினாய்டுகளின் அளவு ஏறக்குறைய 3 விழுக்காடு. ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம் இருக்கும். மேற்கண்ட ஆய்வுகள் சிலவற்றில் கொடுக்கப்பட்ட 1,000 மில்லிகிராமை எட்ட வேண்டுமென்றால், நாளொன்றுக்குப் பத்துத் தேக்கரண்டிக்கும் மேல் விழுங்க வேண்டும். மீன் குழம்பிலும் சாம்பாரிலும் நாம் போடுவது அரைத் தேக்கரண்டி; அதையும் குடும்பமே பங்கு போட்டுக்கொள்கிறது.

விழுங்கினாலும் அது முழுவதும் உடலில் சேர்வதில்லை. குர்குமின் நீரில் கரையாது. குடலும் ஈரலும் அதை வேகமாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. பெங்களூரில் 1998-இல் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாக விழுங்கியவர்களின் இரத்தத்தில் அது கிட்டத்தட்ட இல்லாத அளவுக்கே காணப்பட்டது. மிளகிலுள்ள பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உட்கிரகிப்பு 20 மடங்கு கூடியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் வழக்கத்தை இந்த ஆய்வோடு பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு.

பிப்பரின் இதைச் செய்வது, அந்நியப் பொருள்களை வெளியேற்றும் உடலின் வேலையைத் தடுப்பதால்தான். அப்படித் தடுக்கும்போது நாம் சாப்பிடும் வேறு சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறிவிடக்கூடும். இரசத்தில் போடும் மிளகுக்கு இந்தக் கவலை வேண்டாம். பிப்பரினைச் செறிவாக அடைத்த மாத்திரையை மற்ற மருந்துகளோடு சேர்த்து எடுப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

செடியிலிருந்து வந்த மருந்துகள் இல்லையா?

உண்டு. முடக்குவாதத்திற்கு இன்றும் மருத்துவமனையில் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மலேரியா மருந்துகளின் பரம்பரையில் வந்தது. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குக் 'கொய்னா' என்றால் தெரியும். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த அந்தக் கசப்பு மருந்தை அடியொற்றித்தான் பின்னாளில் இவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டன.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் மலர்ப் பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. அந்தச் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது கொல்சிசின். யூரிக் அமிலம் படிந்து திடீரெனக் கட்டைவிரல் சிவந்து வீங்கும் 'கௌட்' என்ற மூட்டு அழற்சிக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரை அது. விதைக்காகவே தமிழ்நாட்டில் செங்காந்தள் பயிரிடப்படுகிறது. அதே காந்தள் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். எத்தனை மில்லிகிராம் மருந்து, எத்தனை மில்லிகிராம் நஞ்சு என்று அளந்து சொல்லப்பட்ட பிறகே காந்தள் மாத்திரையானது. முடக்குவாதத்தைப் பொறுத்தவரை குர்குமினுக்கு அந்த அளவு இன்னும் வகுக்கப்படவில்லை.

ஈரல் பாதிப்பும் பிற எச்சரிக்கைகளும்

சமையலில் சேர்க்கும் மஞ்சளால் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மஞ்சள் மாத்திரைகளோடு தொடர்புடைய ஈரல் பாதிப்பு 10 பேருக்கு ஏற்பட்டதாக அமெரிக்க ஈரல் ஆய்வுக் கட்டமைப்பு ஒன்று பதிவு செய்தது. அவர்களில் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனக்கு வந்த 18 புகார்களைச் சுட்டி, 2023 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. உணவில் பயன்படுத்தும் அளவுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது என்றும் அது தெளிவுபடுத்தியது. இத்தகைய பாதிப்பு அரிதுதான். ஆனால் முடக்குவாதத்திற்கான முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலைப் பாதிக்கக்கூடியது என்பதால், இரண்டையும் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்து எடுப்பது விவேகமாகாது.

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் அப்படி ஒருவர் மஞ்சள் தயாரிப்பைத் தொடங்கிய பின், இரத்த உறைவைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 10-ஐத் தாண்டியது. பொதுவாக அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டியது. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரை எடுக்கக்கூடாது.

'மூன்றே நாளில் வலி போகும்'

மஞ்சள் படம் போட்ட பாக்கெட்டுகளில் மஞ்சளைவிட ஆபத்தான ஒன்று இருப்பதுண்டு. பசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கப்படும் மூட்டுவலி ஜாமு, மாஜுன் வகைகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை மலேசியாவின் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவும் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையமும் பலமுறை கண்டுபிடித்து அறிவித்துள்ளன. முன்னே சொன்ன ஃபினைல்பியூட்டசோனும் இப்படிக் கலக்கப்பட்டுப் பிடிபட்டிருக்கிறது.

ஸ்டீராய்டு சாப்பிட்டால் வலி உண்மையிலேயே சட்டென்று பறந்துவிடும். அதனால்தான் வாங்கியவரே பக்கத்து வீட்டுக்காரருக்கும் சிபாரிசு செய்கிறார். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உருண்டு வீங்கும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலவீனமாகும், தோல் மெலிந்து எளிதில் கன்றிப்போகும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து; நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடல் தனக்குத் தேவையானதைத் தானே சுரக்க மறந்திருக்கும். மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே போகலாம். இத்தகைய மருந்தைப் பல வாரங்கள் சாப்பிட்டவர்கள் தாமாக நிறுத்தாமல், பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் எம்-ஏ-எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், அடுத்து எட்டு இலக்கங்கள், கடைசியில் டி என்ற எழுத்து கொண்ட பதிவு எண் இருக்கும். பாதுகாப்பு ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். தேசிய மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். பதிவு எண் இருப்பதால் அந்த மருந்து முடக்குவாதத்தைக் குணப்படுத்தும் என்று அரசாங்கம் உறுதி சொல்வதாக அர்த்தமாகாது. சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்க முன் அனுமதியே தேவையில்லை.

மெத்தோட்ரெக்சேட் பற்றிய பயம்

"அது புற்றுநோய் மருந்தாமே?" என்று கேட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்து வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய்க்கு அது மிக அதிக அளவில் கொடுக்கப்படுவது உண்மை. முடக்குவாதத்திற்குக் கொடுப்பது வாரத்திற்கு ஒருமுறை மட்டும், சிறிய அளவில். உடன் ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். தவறி தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், எந்தக் கிழமை என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பக் காலத்தில் இதை எடுக்கவே கூடாது. ஈரலையும் இரத்த அணுக்களையும் கவனிக்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இந்தக் கண்காணிப்புதான் இதற்கும் கடையில் வாங்கும் மாத்திரைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. 1980-களில் இது முடக்குவாதச் சிகிச்சையில் பரவலாக வந்த பிறகு, கைவிரல்கள் கோணிப் போன நோயாளிகளைக் காண்பது உலகெங்கும் குறைந்திருக்கிறது.

எங்கே செல்வது?

காலை இறுக்கமும் சிறு மூட்டு வீக்கமும் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். மலேசியக் குடிமக்கள் அருகிலுள்ள கிளினிக் கெசிஹத்தானில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய அழற்சிச் சோதனைகளையும், முடக்குவாதக் காரணியையும் பற்றிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வாதநோய் நிபுணர் உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். செலாயாங், புத்ராஜெயா, சிரம்பான் அரசாங்க மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு செயல்படுகிறது. சிங்கப்பூரில் பொது மருத்துவமனையிலும் டான் டோக் செங் மருத்துவமனையிலும் உள்ளது.

வீக்கம் காலையில்தான் அதிகமாகத் தெரியும். மருத்துவரைப் பார்க்கும் மதிய வேளையில் கை ஓரளவு இளகியிருக்கும். எனவே, எழுந்தவுடன் இரண்டு கைகளையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்து காட்டுங்கள். சாப்பிடும் மஞ்சள் மாத்திரை, ஜாமு, நாட்டு மருந்து எதுவானாலும் டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள்.